இருநூற்றுப் பதினான்கு உருப்படி

அந்த நாற்காலி வேண்டாம் அண்ணாச்சி, அது கட்டி வைத்தது. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். இது வீட்டுக்காரருடையது, கணக்கில் வராது. காப்பி கொடுக்கவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள். அடுப்பு நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர், அதோ அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. டம்ளர்கள் அதற்குப் பின்னால் உள்ள பெட்டியில். பிரித்தால் கணக்குக் கெட்டுவிடும். ஒன்றரை வருஷமாக எனக்கே சாப்பாடு மெஸ்ஸில்தான். படுக்கை பாயில். கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறேன், பார்த்தீர்களா? கால் நான்கு, சட்டம் இரண்டு, பலகை ஒன்று.

லாரிக்கு எஸ்டிமேட் போட இந்த வீட்டுக்கு வந்தவர்களில் நீங்கள் எட்டாவது ஆள். முன்னால் வந்தவர்கள் வாசலில் நின்று கண்ணாலேயே அளந்தார்கள். ஒருவர் நானூறு கன அடி என்றார். ஒருவர் அறுநூறு என்றார். ஒரே வீடு, ஒரே சாமான். சரியான அளவு நானூற்று எழுபத்திரண்டு. நானே டேப் பிடித்து அளந்தேன். உங்களைப் பார்த்தால் நிதானமானவராகத் தெரிகிறது. நோட்டு வைத்திருக்கிறீர்கள். நோட்டு வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

என் பெயர் ரெமிஜியூஸ். இங்கே தூத்துக்குடி ஹார்பரில் டாலி கிளார்க். கண்டெய்னரில் சரக்கு அடைக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணுகிறவன். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். எண்ணிக்கை ஒத்துவந்தால்தான் கதவுக்கு சீல். ஒரு தடவை மருந்துக்குப் போகும் நிலாவரை இலை மூட்டையில் ஒன்று குறைந்தது. கப்பல் தயாராக நிற்கிறது, ஏஜென்ட் கத்துகிறார், நான் சீல் போட விடவில்லை. முழுவதையும் இறக்கி எண்ண வைத்தேன். மானேஜர் மறுநாள் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்தொன்பது வருஷத்தில் என் கணக்கில் ஒரு மூட்டை தப்பியது இல்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், வீடு மாற்றுவது எனக்குப் புதிய வேலை இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சரக்கு இங்கிருந்து அங்கே போகிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரே மகள். ஆன்சி. இரண்டே முக்கால் வயதுவரை அவள் பேசவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகப் பேசும் என்று இருந்தோம். பிரகாசிதான், என் வீட்டுக்காரி, ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். பிள்ளை திரும்பவில்லை. சென்னைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: காதுக்குள் ஒரு கருவி வைக்கலாம், வெளியே ஒரு மிஷின் மாட்டலாம், அரசாங்கக் கார்டில் ஆபரேஷன் இலவசம். ஆனால் ஆபரேஷன் பாதிதான். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள், இரண்டு வருஷமாவது பயிற்சிக்கு வர வேண்டும். சத்தம் என்ன என்று பிள்ளையின் மூளைக்கு அப்போதுதான் பழகும். மதுரையில் கேட்டோம், வரிசை நீளமாக இருந்தது. சென்னையில் உடனே இடம் இருந்தது. டாக்டர் பிரகாசியைப் பார்த்துத்தான் சொன்னார், சீக்கிரம் வாங்கம்மா, இதில் ஒவ்வொரு மாசமும் முக்கியம் என்று. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன். குடும்பத்தோடு சென்னைக்கு மாறுகிறோம். எங்கள் கம்பெனிக்கு அங்கே ஆபீஸ் இருக்கிறது. மானேஜர், நீ எப்போ வேணும்னாலும் போ ரெமி, அங்க ஒரு இடம் காலியாத்தான் இருக்கு என்றார். என்னைக் குறை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. யோசிக்காமல் ஒரே நாளில் முடிவு எடுத்தவன் நான்.

பிரகாசியின் தம்பி தொம்மை ராயபுரத்தில் இருக்கிறான். மீன் ஏலம் விடுகிறவன். வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. பிரகாசி சொன்னாள், ரெண்டு பையை எடுத்துக்கிட்டுப் போவோம், மத்ததைப் பொறவு பாத்துக்கிடலாம் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. புயலுக்குப் பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்குகிற மாதிரியா போவது? போனால் ஒரே தடவை, முழுசாக, கணக்காகப் போக வேண்டும். பாதி சாமான் இங்கே, பாதி அங்கே என்றால் இரண்டு வாடகை. நீங்களே சொல்லுங்கள்.

முதல் திட்டம் போட்டேன். லாரி, ஏற்றுகூலி, இறக்குகூலி, அட்டைப்பெட்டி, வீட்டு அட்வான்ஸ், மூன்று மாசத்துக்குக் கைச்செலவு. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். கையில் அறுபதாயிரம் குறைந்தது. தை மாதம் ஒரு சீட்டு முடிகிறது, அதோடு சரியாக வரும். நான்கே மாசம். காத்திருந்தோம். சீட்டுப் பணம் வந்தபோது ஆன்சிக்கு மூன்று முடிந்திருந்தது.

அதற்குள் சென்னையில் அட்வான்ஸ் ஏறிவிட்டது. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? இரண்டாம் திட்டம் போட்டேன். மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. மறு தை வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் வீடு பார்க்கச் சென்னைக்குப் போக ஆரம்பித்தேன். நான்கு தடவை போனேன். டேப்பையும் கொண்டுபோனேன். முதல் வீட்டில் மாடிப்படி திரும்புகிற இடம் இருபத்தெட்டு அங்குலம். எங்கள் பீரோ முப்பத்தொன்று. இரண்டாவது வீட்டில் படி சரி, வாசல் நிலை குட்டை. பிரகாசிக்கு அவள் அப்பா போட்ட பீரோ அது. அவளுக்காகத்தான் இவ்வளவு அலைந்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அடுத்த தடவை போகும்போது பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர்ட்ட காமிச்சிட்டாவது வரலாம் என்றாள். டிக்கெட் இன்னொன்று ஆகும். தவிர, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டேப் பிடிக்க முடியாது.

கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு வீடு அமைந்தது. தரைதளம். நிலை உயரம், அகலம் எல்லாம் அளந்து வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் ஜூலை ஒன்றாம் தேதி வந்துவிடுங்கள் என்றார். இங்கே எங்கள் மாதா கோயிலில் ஜூலை இருபத்தாறு கொடியேற்றம், ஆகஸ்ட் ஐந்து திருவிழா. வெளிநாட்டில் இருக்கிறவன்கூட லீவு போட்டு வருகிற நாளில் ஊரை விட்டுக் கிளம்புவார்களா? திருவிழாவை முடித்துக்கொண்டு போகலாம் என்றேன். பிரகாசி கேட்கவில்லை. "மாதா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எகிப்துக்கே ஓடினவ. நாம சென்னைக்குப் போறதுக்கா கோவிச்சுக்கிடப் போறா?" என்றாள். அவளுக்கு இப்படி ஏடாகூடமாகப் பேச வரும். ஆகஸ்ட் ஆறாம் தேதி போன் செய்தால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு மாசம் பொறுக்க முடியவில்லை அந்த மனிதருக்கு. அவரைப் போல அவசரக்காரர்களால்தான் எங்களுக்கு இவ்வளவும்.

ஆன்சிக்கு அப்போது நாலரை. இலவச ஆபரேஷனுக்கு ஒரு வயது வரம்பு உண்டு. அது தாண்டிவிடாமல் நான் கவனமாகக் குறித்து வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த மாரிக்காலத்தில்தான் சாமான்களுக்கு நம்பர் ஒட்டினேன். மஞ்சள் ஸ்டிக்கர். தட்டுமுட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டிக்கு ஒரு நம்பர், உள்ளே இருப்பதற்குத் தனி நம்பர். ஒட்டி முடித்துப் பார்த்தால் எண்பத்தெட்டைக் காணோம். இரண்டு மணி நேரம் தேடினேன். பீரோவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பார்த்தால் ஆன்சி அதைத் தன் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒட்டிக்கொண்டு என் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கிறாள். நான் குனிந்து தேடுகிற இடத்தில் எல்லாம் அவளும் குனிந்து பார்த்திருக்கிறாள். உரித்து எடுத்தேன். அழுதாள். அவள் அழுதால் தெரு முழுக்கக் கேட்கும், அவளுக்குத்தான் கேட்காது.

பிரகாசி அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். "அதைத் திரும்ப ஒட்டிவிடுங்க. எண்பத்தெட்டு, ஆன்சின்னு நோட்டுல எழுதிக்கிடுங்க. அப்படியாவது வண்டியில ஏத்துவீங்களான்னு பாப்போம்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். நோட்டில் எண்பத்தெட்டு என்பது இட்லிக் கொப்பரை.

பிறகு மூன்றாம் திட்டம், நான்காம் திட்டம். டீசல் விலையை ஒட்டி லாரிக்காரர்கள் தொகையை மாற்றினார்கள். உங்கள் தொழிலைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். தனி லாரி கட்டுபடியாகாது என்று பார்ட் லோடு பேசினேன். மூன்று வீட்டுச் சாமானை ஒரே வண்டியில் சேர்த்து ஏற்றுவது, உங்களுக்குத் தெரியாததா? பதிமூன்றாயிரம் மிச்சம். ஆஸ்பத்திரியில் மே நான்காம் தேதி ஆபரேஷன் என்று நாள் கொடுத்தார்கள். நான் ராயபுரத்தில் ஒரு வீடு பேசி, மே இரண்டாம் தேதிக்கு லாரி சொன்னேன். சாமானை ஏற்றிவிட்டு மூன்று பேரும் ராத்திரி ரயிலில் போவதாகத் திட்டம். எவ்வளவு கச்சிதம் பாருங்கள்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் முழுசாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் தப்பு யார் மேல் என்று தெரியும்.

லாரி எட்டு மணிக்கு வந்தது. நான் வாசலில் நோட்டோடு நின்றேன். ஒவ்வொன்றாக வெளியே வர வர நம்பரைப் பார்த்துக் கோடு போட்டேன். பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, மாதா படம் பழைய சேலைக்குள் சுற்றி ஏறியது. பதினோரு மணிக்கு வீடு காலி. கூட்டிப் பார்த்தால் இருநூற்றுப் பதின்மூன்று. ஒன்று குறைகிறது.

டிரைவர் கையெழுத்துப் போடச் சொன்னார். போடுவேனா? இருநூற்றுப் பதினான்குக்கு இருநூற்றுப் பதின்மூன்று என்று நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. ஒரு தடவை நோட்டைச் சரிபார்த்தேன். அவசரத்தில் ஏதோ ஒன்றுக்கு நம்பர் பார்க்காமல் கோடு இழுத்திருப்பேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். டிரைவர் அவர் ஆபீசுக்குப் போன் செய்தார். காத்திருப்புக்குத் தனிக் காசு என்றார்கள். சரி, தருகிறேன் என்றேன். தெருவில் வரிசையாக வைத்து நம்பர் வாரியாக எண்ணினேன். நல்ல மே மாசத்து வெயில். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, ஏங்க, கடை போட்டிருக்கீங்களா என்று கேட்டாள். நான் தலை நிமிரவில்லை.

ஒரு மணிக்குக் கண்டுபிடித்தேன். நூற்று நாற்பத்தொன்று. கறுப்புப் பிரயாணப் பை. ஆன்சியின் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் இரண்டு கவுனும் வைத்த பை.

அப்போதுதான் டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். கறுப்புப் பையா சார் என்றார். "அதை அந்தக்கா கொண்டுட்டுப் போயிட்டாங்களே. பத்து மணி இருக்கும். ஒரு கையில பை, இடுப்புல பாப்பா. ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்குன்னு சொன்னாங்க."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க நம்பரைத்தான சார் கேட்டீங்க. அந்தக்கா எங்கன்னு கேக்கவே இல்லியே" என்றார்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த இடத்திலேயே கோடு போட்டேன். இருநூற்றுப் பதினான்கு. ஒத்துவந்துவிட்டது. ஆனால் லாரி மூன்று மணிக்குக் கோவில்பட்டியில் இன்னொரு வீட்டில் நிற்க வேண்டும். மறுபடி ஏற்ற நேரம் இல்லை என்று டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாமான் எல்லாம் தெருவில்.

ஒரு வார்த்தை, பையை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். லாரி போயிருக்கும். நாங்களும் இப்போது சென்னையில் குடும்பமாக இருந்திருப்போம். ஒன்றரை வருஷமாக இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன் அண்ணாச்சி. ஒரு வார்த்தை.

அன்று ராத்திரியே நீ கிளம்பியிருக்கலாமே என்று தொம்மை கேட்கிறான். சாமானைத் தெருவில் போட்டுவிட்டா? கூலிக்கு ஆள் பிடித்து எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து சேர்க்கவே ராத்திரி எட்டு. மறுநாள் ஒரு தடவை சரிபார்க்க வேண்டாமா? அதற்கு மறுநாள் நான்காம் தேதி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தொம்மையே போன் செய்தான். முடிந்த பிறகு அவசரமாக ஓடி என்ன ஆகப்போகிறது? அடுத்த லாரிக்கு ஏற்பாடு செய்வதுதான் புத்தி.

போகாமலும் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் போயிருந்தேன். தொம்மை வீட்டு மாடி காலியாக இருந்தது, அளந்துவிட்டு வந்தேன். பிரகாசி இளைத்திருந்தாள். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறாளாம். ஆன்சி காதில் அந்த மிஷினோடு ஓடினாள். கதவைத் தட்டினால் திரும்புகிறாள். அது பெரிய விஷயம் இல்லையா? வார்த்தை வரவில்லை. ஒன்றிரண்டு சத்தம் வருகிறது. பயிற்சி டீச்சர் பிரகாசியிடம் சொன்னாராம், மூன்று வயதில் வந்த பிள்ளைகள் இந்நேரம் பாட்டுப் பாடுகின்றன, இவளுக்குச் சத்தம் கேட்கிறது, அது என்னவென்றுதான் பிடிபடவில்லை, இனி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று. டீச்சர் என்றால் கொஞ்சம் நம்பிக்கையாகப் பேச வேண்டாமா?

இன்னொன்று சொல்கிறேன், சிரிப்பீர்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஆன்சி ஒரு சைகை வைத்திருக்கிறாளாம். அம்மாவுக்குக் கன்னத்தைத் தொடுவாள். தொம்மைக்கு மீசை. அப்பா எங்கே என்று கேட்டால் இடது கையை மூடிக்கொண்டு, அதிலிருந்து வலது கையால் எதையோ நீளமாக இழுப்பாளாம். டேப்! தொம்மைதான் இதைச் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. தொழில் அறிவு ரத்தத்தில் வரும் போலிருக்கிறது. அடுத்த ஜனவரியில் அவளுக்கு ஏழு முடிகிறது.

சென்னை ஆபீசில் எனக்காக வைத்திருந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதையும் சேர்த்துத்தான் இந்த ஆறாம் திட்டம் போட்டிருக்கிறேன். சம்பளம் இல்லாமல் ஐந்து மாசம் என்று ஒரு வரி கூடியிருக்கிறது. அதனால்தான் லாரித் தொகையை நீங்கள் கொஞ்சம் பார்த்துப் போட வேண்டும்.

ஏன் இப்போது திடீரென்று கூப்பிட்டேன் என்றால், முந்தாநாள் பிரகாசி போன் செய்தாள். அவளாகச் செய்வது அபூர்வம். நான் செய்தால் எடுப்பாள், உம் என்பாள், வைத்துவிடுவாள். முந்தாநாள் அவளே செய்தாள். நிதானமாகப் பேசினாள்.

"ஆன்சிக்குச் சைகை மொழி பழக்கப் போறாங்க. திங்கக்கிழமை ஆரம்பம். அம்மா, அப்பா ரெண்டு பேரும் கூட உக்காந்து படிச்சாத்தான் பிள்ளைக்கு வீட்டுல பேச ஆள் இருக்கும்னு டீச்சர் சொல்லுதாங்க. நீங்க வாங்க. சாமான் ஒண்ணும் வேண்டாம். பீரோவும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம். கை மட்டும் போதும்."

கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி நடக்கும் அண்ணாச்சி? படுக்கக் கட்டில் வேண்டாமா, துணி வைக்க பீரோ வேண்டாமா? செலவைப் பார்த்துப் பயப்படுகிறாள், எனக்குப் புரிகிறது. அதனால் நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சனிக்கிழமை, அதாவது இன்றைக்கு, எஸ்டிமேட். ஞாயிற்றுக்கிழமை பூசை, லாரி வராது. பார்ட் லோடு போய்ச் சேர ஐந்து நாள். ஆகத் திங்கட்கிழமை என்பது நடக்காத காரியம். வகுப்பை ஒரு பத்து நாள் தள்ளி வைக்க முடியுமா என்று டீச்சரைக் கேட்டுப் பார் என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. ஒரே சத்தம், இழுத்தாற்போல. அங்கே யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்ன சத்தம் அது என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் போனை வைத்தாள்.

ரயிலா? தெரியும் அண்ணாச்சி. சாயங்காலம் ரயில் இருக்கிறது. விடிந்தால் எழும்பூர். இடமும் கிடைக்கும், இது சீசன் இல்லை. ஆனால் ரயிலில் பீரோவை ஏற்ற விடமாட்டார்களே.

ஏன் நோட்டை மூடிவிட்டீர்கள்? நீங்கள் இன்னும் ஒன்றையும் எழுதவில்லையே. சரி, உள் அறையிலிருந்து ஆரம்பிப்போம். வாருங்கள், லைட்டைப் போடுகிறேன். இல்லை, இருங்கள். ஸ்டூலிலேயே உட்காருங்கள். நீங்கள் எண்ணுவதற்கு முன்னால் நான் ஒரு தடவை எண்ணிவிடுகிறேன்.